நிலவேம்புக் குருத்து

முப்பத்தொன்பது வயது நடந்தபோதுதான் நளீராவுக்குத் தன்னுடைய வேலையிலிருந்து தப்பிக்க ஒரு வழி இருப்பதாகத் தோன்றியது. அந்த வழி திரவ நைதரசன்.

பதுளையிலிருந்து ஹாலிஎலைக்குப் போகும் பாதையில், முன்பு ஒரு தோட்டத்துரை குடியிருந்த பங்களாவில் அரசாங்கத்தின் சிறிய மூலிகை நிலையம் இருந்தது. ஊவாக் காடுகளில் அருகி வரும் மருந்துச் செடிகளைக் காப்பாற்றி வைப்பது அதன் வேலை. நளீரா அங்கே ஆய்வு உதவியாளர். பொறுப்பதிகாரி மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார். அவருக்குப் பதிலாக வருவதாகச் சொல்லப்பட்டவர் வரவேயில்லை. ஒரு காவலாளியையும் ஒரு தோட்டக்காரனையும் வைத்துக்கொண்டு நிலையத்தை அவளே நடத்தினாள்.

அவளிடம் இருந்தவற்றுள் எல்லோரும் விசாரித்தது நிலவேம்பைத்தான். இந்தியாவில் அந்தப் பெயரில் விற்பது வேறு செடி. இங்கே சிங்களவர்கள் பிங்கொஹொம்ப என்பார்கள். காட்டுப் பாறை இடுக்குகளில் ஒரு சாண் உயரத்துக்கு வளரும். சின்ன வெள்ளைப் பூ பூக்கும். இலையும் தண்டும் வேரும் ஒரே கசப்பு. காய்ச்சலுக்குக் கசாயம் வைக்க முழுச்செடியும் வேண்டும் என்பதால் வேரோடு பிடுங்கித்தான் விற்பார்கள். பிடுங்கிய இடத்தில் மறுபடி முளைக்க ஒன்றும் மிஞ்சாது. விதை கொஞ்சம்தான் பிடிக்கும். அதையும் எடுத்து வைத்தால் முளைக்கும் சக்தி போய்விடும்.

ஆகவே நளீரா குருத்து நுனிகளை வெட்டிக் கண்ணாடிக் குழாய்களுக்குள் வளர்த்தாள். கடற்பாசிக் கூழில் சீனியும் உப்புகளும் கலந்த உணவு, மேலே பஞ்சடைப்பு, உள்ளே விரல்நகம் அளவு செடி. மாதம் தவறாமல் அதை வெளியே எடுத்து வெட்டிப் புதுக் குழாய்க்கு மாற்ற வேண்டும். விட்டால் மஞ்சளித்துச் செத்துவிடும். வெட்டினால் ஒன்று மூன்றாகும். அடுத்த மாதம் அந்த மூன்றையும் வெட்ட வேண்டும். பெருநாளைக்கு மறுநாளும் வெட்டினாள். வாப்பா மௌத்தாகி அடக்கிய கிழமையும் வெட்டினாள். குனிந்து குனிந்து கழுத்துக்குக் கீழே ஓரிடத்தில் ஓயாமல் வலித்தது.

எண்பத்தாறில் கொழும்பில் நடந்த ஒரு பயிற்சிக்கு அவளை அனுப்பினார்கள். அங்கேதான் அதைக் கண்டாள். கடுகை விடச் சின்னதான ஒரு குருத்து நுனியைத் திரவ நைதரசனுக்குள் உறைய வைத்தால் அது அப்படியே நின்றுவிடும். வளராது, சாகாது. எத்தனையோ வருஷம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் இளக்கி எடுத்து மறுபடி செடியாக்கலாம். அதற்கு வெளிச்சம் வேண்டாம், மாதாமாதம் கத்தி வேண்டாம். பயிற்சி கொடுத்தவர் வருங்காலச் சந்ததியைப் பற்றிப் பேசினார். நளீரா தன் கழுத்து வலியை நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை சரியாகச் செய்துவிட்டால் போதும், பிறகு படுத்துத் தூங்கலாம் என்று நினைத்தாள்.

அவள் கணவன் ஹுமைதுக்குப் பதுளை பஸாரில் நாட்டு மருந்துக் கடை. கடுக்காய், திப்பிலி, வேர்க்கொம்பு, சாக்குச் சாக்காகக் காய்ந்த இலைகள். அவற்றை இடித்த தூசி அவன் நெஞ்சில் இறங்கி, நாற்பத்தைந்து வயதிலேயே இளைப்பு வந்துவிட்டது. அதற்கு அவன் தன் கடை மருந்து எதையும் சாப்பிடுவதில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த குளிசை ஒன்றை மேல்சட்டைப் பையில் வைத்திருந்தான். நிலவேம்பு விற்பவர்களில் அவனும் ஒருவன். இதைப் பற்றி இருவரும் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. பேசியது ஒரே ஒரு தடவை.

"நீங்க வாங்காட்டி அவங்க பிடுங்க மாட்டாங்க" என்றாள் அவள்.

"காய்ச்சலோட வாறவனுக்கு ஒன்ட கண்ணாடிக் குழாயக் காட்டச் சொல்றியா?" என்று கேட்டான் அவன். கோபமாகக் கேட்கவில்லை. அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. ஹாலிஎலைக்கு மேலே மண் சரிந்து மின்கம்பங்கள் விழுந்தன. நிலையத்தில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. செடிகள் இருந்த அறையில் குளிரூட்டி நின்று ஈரம் ஏறியது. முதலில் ஒரு மூலையில் இரண்டு குழாய்களில் சாம்பல் நிறப் பூஞ்சணம் தெரிந்தது. அவள் அவற்றை எடுத்து எரித்தாள். மறுநாள் தட்டு முழுவதும் இருந்தது. கிழமை முடிவதற்குள் நிலவேம்புக் குழாய்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. உறைய வைக்க அவள் ஆயத்தம் செய்து முடித்திருந்த நேரம் அது.

அவள் அழவில்லை. குழாய்களைக் கொதிநீரில் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஒங்களுக்கு நிலவேம்பு கொண்டு வாறது யாரு?"

ஹுமைத் தலையைத் தூக்கினான். "என்னத்துக்குக் கேக்குற?"

"எனக்குச் செடி வேணும். உசுரோட. என்ட எல்லாம் செத்துப் போயிட்டு."

அவன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். பிறகு சொன்னான். "லுணுகலைக்கு அங்கால ஒரு தோட்டத்துல பெரியாயிண்டு ஒரு பொம்புள. ஆனா நீ தனியப் போக ஏலாது. நானும் வாறன்."

மழை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனார்கள். லுணுகலையில் இறங்கித் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடந்தார்கள். ஹுமைத் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். பெரியாயி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க நானா. அம்மாவும் வந்திருக்காங்களா? உள்ள வாங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே நளீரா வந்த காரியத்தைச் சொன்னாள். பிடுங்க வேண்டாம், இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும், நுனியை மட்டும் வெட்டிக்கொள்கிறேன் என்றாள்.

பெரியாயி ஹுமைதைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள். "அது முடிஞ்சிருச்சுங்கம்மா. முந்தாநாளு லொறியில நானாவுக்கு அனுப்பிச்சேன்ல, அதோட சரி."

"எங்கேயும் இல்லையா?"

"இந்தப் பக்கம் இல்லைங்க. முன்ன பாறைக்குக் கீழயே கெடந்துச்சு. அப்பறம் மேல ஏற வேண்டியதாச்சு. இப்ப மேலயும் இல்ல." அவள் குரல் சாதாரணமாகவே இருந்தது. "தோட்டத்துல பேரு பதிஞ்சு வேலை குடுக்கிற நாளு மலைக்குப் போயி கொழுந்து எடுப்பேன். பேரு இல்லாத நாளு காட்டுக்குப் போவேன். கிழமையில பாதி நாளு பேரு இல்லைங்கம்மா."

நளீரா கேட்டதற்காக அவள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் பாறை ஒன்று சரிந்து கிடந்தது. அதன் ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். சில குழிகளில் மழைத்தண்ணீர் நின்றது. நளீரா முழங்காலில் உட்கார்ந்து இடுக்குகளைக் கையால் தடவிப் பார்த்தாள். காலில் அட்டை ஏறியதைக் கவனிக்கவில்லை. பெரியாயிதான் குனிந்து அதைப் பிய்த்தெறிந்தாள்.

"எழுந்திரிங்கம்மா. நான் நல்லாத்தான் பாத்துப் புடுங்குவேன், ஒண்ணும் விடமாட்டேன்" என்றாள். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் நளீரா யன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பசறையைத் தாண்டிய பிறகு ஹுமைத் மெதுவாகச் சொன்னான்.

"அந்த மூட்டைய இன்னும் அவுக்கல்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து வந்த. கடைக்குப் பின்னால அப்படியே இரிக்கி."

"அப்ப காலையில வெளிக்கிடக்குள்ளயே ஒங்களுக்குத் தெரியும்."

"மூட்டை வந்தது தெரியும். அதுதான் கடைசிண்டு எனக்குத் தெரியாது நளீரா."

பஸ்நிலையத்திலிருந்து நேரே கடைக்குப் போனார்கள். ஹுமைத் கதவைப் பாதி திறந்து விளக்கைப் போட்டான். பின்பக்கம் சுவரோடு சாத்தியிருந்த சாக்கை இழுத்து வந்து வாய்க்கட்டை அறுத்தான். மேலே கிடந்த செடிகள் துவண்டு சுருண்டிருந்தன. நளீரா கையை உள்ளே விட்டாள். நடுவில் வெதுவெதுப்பாக ஈரமாக இருந்தது. மழைக்காலத்தில் பிடுங்கியதால் வேரில் மண் ஒட்டியிருந்தது. இழுத்தெடுத்த முதல் செடியின் நுனி இன்னும் பச்சையாக நிமிர்ந்திருந்தது.

இருவரும் கடைத் தரையில் எதிரெதிராக உட்கார்ந்து மூட்டை முழுவதையும் ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். உயிர் இருப்பது அவள் பக்கம், செத்தது அவன் பக்கம். ஹுமைத் நன்றாகவே பிரித்தான். காய்ந்ததையும் காயாததையும் தொட்டுப் பார்த்துச் சொல்வது அவன் தொழில். மண் தூசி கிளம்பி அவனுக்கு இருமல் வந்தது. அவள் போய் வெளியில் நிற்கச் சொன்னாள், அவன் போகவில்லை.

"பண்டாரவளை வைத்தியர் இதுக்குச் சொல்லி வெச்சிரிக்காரு. அவருக்கு என்ன சொல்ற?"

"இல்லண்டு சொல்லுங்க."

"சொல்றன். அவரு வேற கடையில கேப்பாரு. அந்தக் கடைக்காரன் வேற ஒருத்தியக் காட்டுக்கு அனுப்புவான்." அவன் கையிலிருந்த செடியை அவள் பக்கம் வைத்தான். "இல்லண்டு சொல்றன்."

அவன் பக்கம் இருந்த குவியல்தான் பெரியதாக இருந்தது. அதை அவன் உலர்த்தி, காய்ச்சலோடு கடைக்கு வந்தவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றான். அவள் அதைத் தடுக்கவில்லை.

மூட்டையிலிருந்து தப்பிய செடிகளில் பாதிக்கு மேல் நிலையத்துக்குப் போன பிறகு செத்தன. காட்டுச் செடியின் மேல் ஒட்டிவரும் கிருமிகளைக் கொல்லக் கழுவும் மருந்தே சில குருத்துகளைக் கருக்கிவிட்டது. மிஞ்சியவற்றைக் குழாயில் ஏற்றி, பழையபடி மாதாமாதம் வெட்டிப் பெருக்கினாள். ஒரு வருஷம் அப்படிப் போனது. பெருகிய பிறகு உறைய வைக்கத் தொடங்கினாள்.

நைதரசனைக் கொண்டு வந்தவர் புஹாரி. அரசாங்கக் கால்நடை வைத்தியக் கந்தோரில் வேலை. நல்ல சாதிக் காளைகளின் விந்து அடைத்த குச்சிகளைத் திரவ நைதரசன் கேனில் போட்டு, அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பசுக்களுக்குச் சினை ஊசி போடுவார். கொழும்பிலிருந்து லொறி வரும்போது தன் பங்கில் கொஞ்சம் நளீராவின் கேனிலும் ஊற்றிவிட்டுப் போக அவர் மேலதிகாரி சம்மதித்திருந்தார். கேனின் வாயைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும். அந்தத் திரவத்தில் விரல் பட்டால் வெந்தது போல் தோல் கழன்றுவிடும்.

"எனக்கு வாறதுலதான் ஒங்களுக்கு ஊத்துறன் மிஸ். மாடு முந்தி, செடி பிந்தி. அத மட்டும் மறந்துடாதீங்க" என்பார் ஒவ்வொரு தடவையும்.

செடியின் உயிர்க்கலத்துக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாக இறுகினால் அது உள்ளிருந்தே கிழித்துவிடும். அதனால் குருத்து நுனிகளை முதலில் ஒரு மருந்துக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். பிறகு சின்னக் குப்பிகளில் அடைத்து, கேனின் கழுத்தில் குளிர் ஆவி நிற்கும் இடத்தில் நூலில் தொங்கவிட்டு, சிறுகச் சிறுக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் கிழியும், தாமதித்தால் வறண்டு சாகும். அந்த மருந்து கையில் பட்டால் சற்று நேரத்தில் வாயில் வெள்ளைப்பூண்டு மணம் வரும். ஹுமைத் முதல் நாள் கேட்டான்: "பகல் என்ன கறி?" அதன் பிறகு கேட்கவில்லை.

முதல் தடவை இளக்கி எடுத்தபோது எல்லா நுனிகளும் வெந்த அரிசி போல் வெளுத்திருந்தன. இரண்டாம் தடவை பழுப்பு நிறமாகின. அடுத்த தடவை சில உயிரோடு இருந்தன. ஆனால் தளிர் விடாமல் உருத்தெரியாத கட்டியாக வீங்கின. கரைசலின் அளவை மாற்றினாள், இறக்கும் வேகத்தை மாற்றினாள். ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவு தெரிய ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் மாதத்தில் மற்றக் குழாய்களை வெட்டி மாற்ற வேண்டும். மாதங்களைப் பிரித்தறிய அவளுக்கு நோன்பும் பெருநாளும் மட்டுமே இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஓதிக்கொண்டிருந்ததை ஹுமைத் கதவருகில் நின்று பார்த்தான்.

"குர்ஆன என்னத்துக்கு இவ்வளவு தள்ளிப் புடிக்கிற?"

"வெளிச்சம் காணாது."

"வெளிச்சம் காணும். கண்ணுதான் காணாது." மறுநாள் அவன் பஸார் நடைபாதையில் விற்கும் மூக்குக்கண்ணாடிகளில் மூன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "எது தெளியுதோ அத எடு. மத்தத திருப்பிக் குடுக்கணும்."

நிலையத்தின் நுணுக்குக்காட்டி திருத்த வேலைக்கென்று கொழும்புக்குப் போய்த் திரும்பி வராததால் அவள் மேசைப் பூதக்கண்ணாடியை வைத்துத்தான் வெட்டிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு குருத்தைக் குனிந்து பார்த்தவள் கையைக் கீழே வைத்துவிட்டாள். நுனி என்று இத்தனை மாதம் அவள் வெட்டியது நுனியல்ல. நுனியோடு ஒரு துண்டு முதிர்ந்த தண்டும் சேர்ந்து வந்திருந்தது. உறைந்தால் பிழைக்கக்கூடியவை உச்சியில் இருக்கும் இளங்கலங்கள் மட்டும். தண்டு செத்து அழுகும்போது அவற்றையும் கொன்றுவிட்டிருந்தது. கொழும்பில் படித்தபோது இது தெரிந்த விஷயம்தான். தெரிந்ததைத்தான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கத்தியைக் கழுவித் துடைத்தாள். புதிதாக வெட்டினாள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்த அந்தத் துணுக்குகளை உறைய வைத்து இளக்கியபோது, நான்காம் கிழமை ஒரு குழாயில் பச்சை தெரிந்தது. அடுத்த கிழமை அது இரண்டு இலையாகப் பிரிந்தது. பக்கத்துக் குழாய்களிலும் சில. புஹாரி நானா அன்று நைதரசன் கொண்டு வந்திருந்தார். அவரிடம் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"இது உள்ளுக்குக் கிடந்ததா?" என்றார் அவர். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "மாட்டுலயும் இப்படித்தான். நம்ப ஏலாது."

எண்பத்தெட்டு முடிவதற்குள் கேனில் நிறையக் குப்பிகள் சேர்ந்தன. இளக்கிப் பார்த்ததில் பிழைத்த செடிகளை அவள் சட்டியில் நட்டு நிழல் கொட்டகையில் வைத்தாள். அவை சோதனைக்காக எடுத்தவை, கணக்கில் இல்லாதவை. கேனில் இருப்பவைதான் சேமிப்பு. குழாயில் வளர்ப்பதைக் குறைத்துக்கொண்டாள். முதல் தடவையாக ஒரு மாதம் கத்தியைத் தொடாமல் இருந்தாள்.

அடுத்த வருஷம் நாடு நின்றுபோனது. கடைகளைப் பூட்டச் சொல்லிக் கிளர்ச்சிக்காரர்கள் கையால் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. பஸ் ஒரு நாள் ஓடும், ஐந்து நாள் ஓடாது. வேலைக்குப் போகக்கூடாது என்று அவர்கள் ஒரு பக்கம், போகாவிட்டால் வேலை போய்விடும் என்று அரசாங்கம் இன்னொரு பக்கம். காவலாளியும் தோட்டக்காரனும் தங்கள் ஊர்களுக்குப் போய்த் திரும்பவில்லை. பஸ் ஓடிய ஒரு நாளில் நளீரா கொட்டகையிலிருந்த சட்டிகளைத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் விட மனமின்றி, ஒரு கூடையில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கேனைத் தூக்க அவளால் முடியாது.

புஹாரி நானா ஒரு நாள் வீட்டு வாசலுக்கு நடந்தே வந்தார். மோட்டார் சைக்கிளைப் பார்ப்பவர்கள் பறித்துவிடுகிறார்கள் என்றார்.

"லொறி வரல்ல மிஸ். வருமிண்டும் தெரியல்ல. என்ட கேன் காஞ்சிட்டு. காள எல்லாம் தண்ணி." உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "ஒங்கட கேன்ல எவ்வளவு இரிக்கி?"

கடைசியாகக் கேனுக்குள் அளவுக்குச்சியை விட்டுப் பார்த்தபோது அதில் பனி படிந்த உயரம் அவளுக்கு நினைவிருந்தது. அதற்குப் பிறகு எத்தனை நாள் போனது என்பதும் தெரியும்.

மறுநாள் ஊரடங்கு தளர்த்திய நேரத்தில் ஹாலிஎலைக்கு நடப்பதென்று முடிவு செய்தாள். திரவம் கொஞ்சம் இருந்தாலும் போதும், குப்பிகளை எடுத்து இளக்கிக் குழாயில் போட்டுவிடலாம். ஹுமைத் செருப்பை மாட்டிக்கொண்டான்.

"நீங்க என்னத்துக்கு? ஒங்களால நடக்க ஏலாது."

"தனிய விட மட்டும் ஏலுமா?"

பாதையில் வாகனம் இல்லை. ஓரிடத்தில் டயர் எரித்த கறுப்பு இருந்தது. ஏற்றம் வரும்போதெல்லாம் ஹுமைத் ஒரு மதகில் உட்கார்ந்துவிடுவான். மூச்சு விசிலடிப்பது போல் வரும். அவள் பக்கத்தில் நின்று காத்திருப்பாள். போய்விடு, பிறகு வருகிறேன் என்று அவன் கையால் காட்டுவான். அவள் போகமாட்டாள். அப்படி நின்று நின்று நிலையத்தை அடைய நெடுநேரமாகிவிட்டது.

கேனின் மூடியைத் திறந்தாள். புகை வரவில்லை. குச்சியை விட்டாள்; உலர்ந்து வந்தது. பிறகு சட்டைக்கையைச் சுருட்டிக் கொண்டு கையை உள்ளே விட்டாள். இத்தனை காலம் நடுங்கிக்கொண்டே திறந்த கேனுக்குள் அவள் கை தோள் வரைக்கும் போனது. அடித்தட்டு சாதாரணத் தகரம் போல் இருந்தது. குப்பிகளைத் தொட்டாள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஆடியது.

ஹுமைத் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்ன?"

"முடிஞ்சிட்டு" என்றாள்.

அவள் சட்டைக்கையை இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அவனும் எதிரே உட்கார்ந்தான். திரும்பி நடக்க வேண்டிய தூரம் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

வீட்டுப் பின்பக்கத்தில் இருந்த சட்டிகள்தான் மிச்சம். கடை பூட்டிக் கிடந்ததால் ஹுமைதுக்குப் பகலெல்லாம் வேலையில்லை. சாக்கை நனைத்து நிழல் கட்டினான். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தான். எறும்பு ஏறாமல் சட்டிகளைத் தண்ணீர்த் தட்டில் வைத்தான். நளீரா பெரும்பாலும் படுத்தேயிருந்தாள். எழுந்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒரு நாள் ஊரடங்கு நேரத்தில் பின்வீட்டுத் தனலெட்சுமி வேலியை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் நகரசபையில் கூலி. கண் சிவந்து களைத்திருந்தாள்.

"நானா, புள்ளைக்குக் காய்ச்சல் விடமாட்டேங்குது. பெனடோல் குடுத்தா வேர்க்குது, மறுபடி கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவ முடியல, மேல் ரோட்டுல ஆமிக்காரங்க நிக்கிறாங்க. கடையில நிலவேம்பு இருக்குங்களா?"

"கடையில ஒண்ணுமில்ல புள்ள" என்றான் ஹுமைத். "அது வந்து மூணு வருஷமாகப் போகுது."

அவன் சொன்னது உண்மை. சொல்லும்போது அவன் சட்டிகள் இருந்த பக்கம் கண்ணைத் திருப்பாமல் இருந்ததை நளீரா உள்ளேயிருந்து பார்த்தாள். அவன் பார்த்திருந்தால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும். தனலெட்சுமி சரிங்க நானா என்று திரும்பினாள்.

"நில்லுங்க" என்றாள் நளீரா.

வெந்நீரில் ஒரு பிளேடைப் போட்டு எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். சின்னச் செடியைக் கொடுத்தால் கசாயத்துக்குக் காணாது. நன்றாக வளர்ந்த இரண்டைத் தெரிந்தெடுத்தாள். முதலில் அவற்றின் நுனிகளை வெட்டி ஈரத்துணியில் வைத்தாள். பிறகு சட்டியைக் கவிழ்த்து, வேரோடு உதறி எடுத்தாள். மண் கீழே விழுந்தது. இலை கசங்கியதும் அந்தக் கசப்பு மணம் வந்தது.

"கழுவிட்டு முழுசாப் போடுங்க. வேரையும். மூணு கப் தண்ணி ஒரு கப்பா வத்தணும்" என்று ஹுமைத்தான் சொன்னான். அது அவன் வேலை.

தனலெட்சுமி போன பிறகு நளீரா ஈரமணலில் இரண்டு நுனிகளையும் குத்தி ஒரு கண்ணாடிக் கோப்பையைக் கவிழ்த்து மூடினாள்.

"நான் கேக்கல்ல" என்றான் ஹுமைத்.

"கேக்கல்லதான்."

"ரெண்டு குறைஞ்சிட்டு."

"நுனி இரிக்கி" என்றாள். சொன்ன பிறகு உள்ளே போய் முகத்தைக் கழுவினாள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு அன்று அவளுக்குப் பசித்தது.

மறுநாள் மாலையில் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. கசாயத்தாலா, விடவேண்டிய நேரம் வந்து விட்டதா என்று யாரும் ஆராயவில்லை. மணலில் வைத்த நுனிகளில் ஒன்று வேர் பிடித்தது. மற்றது கறுத்துப் போயிற்று.

வருஷக் கடைசியில் பஸ்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கின. நிலையத்துக்கு ஒரு புது அதிகாரி வந்தார். இளம் வயது, கண்டியில் படித்தவர். நளீரா சட்டிகளைக் கூடையில் திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அவர் காலியான கேனையும் அந்தச் சட்டிகளையும் பார்த்துவிட்டு, மறுபடி உறைய வைத்தால் எவ்வளவு காலம் இருக்கும் என்று சிங்களத்தில் கேட்டார்.

"நைதரசன் ஊற்றுகிற வரைக்கும்" என்றாள் அவள்.

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார். நுனிகளைப் பாதியாகப் பிரித்துக் கொழும்பிலும் ஒரு கேனில் வைக்க வேண்டும் என்றாள். இந்தத் தடவை சட்டிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும், காய்ச்சல் மருந்துக்கு விற்க ஒரு பாத்தி தனியாகப் போட்டால் காட்டுக்குப் போகிறவர்களிடமே அதை வளர்க்கக் கொடுக்கலாம் என்றாள். அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதினாரா என்பது அவளுக்குத் தெரியாது.

அன்று பின்னேரம் புஹாரி நானா கேனில் நைதரசன் ஊற்றினார். உலர்ந்திருந்த உலோகம் குளிரும் வரைக்கும் அது கொதிப்பது போல் சீறியது; ஊற்றியதில் பெரும்பகுதி அப்படியே ஆவியாகிப் போனது. அது அடங்கும் வரை இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். அவர் போன பிறகு நளீரா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சட்டியை இழுத்துவைத்து முதல் குருத்தை வெட்டினாள். பெருக்குவதற்கு ஒரு வருஷம். அதற்குப் பிறகுதான் உறைய வைப்பது. கழுத்து வலி பழைய இடத்திலேயே இருந்தது.

ஐந்து குழாய் முடிந்ததும் கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. யன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். பதுளையில் எல்லோரும் இறங்கிய பிறகு கொண்டக்டர் வந்து இருக்கைக் கம்பியைத் தட்டி எழுப்பும் வரைக்கும் அவள் தூங்கினாள்.